பட்டம் பெற்றவர்கள் எங்கே?

கடந்த ஆண்டு இரண்டாம் அரையாண்டு தொடங்கிய வேளையில் எமது துறை விரிவுரையாளர் ஒருவர் என்னையும் வேறு மூன்று மாணவரையும் தமது அறைக்கு அழைத்துப் பழுப்பேறிய தாளொன்றின் பிரதியை எம்முன் வைத்தார். 1980களின் முற்பகுதியிற் பேராதனையிற் பொருளியலைச் சிறப்புப் பாடமாகத் தமிழ்மொழி மூலம் பயின்று வெளியேறிய ஓர் அணியினரின் பெயர்ப்பட்டியல் அது. ஆங்கிலத்திற் கையால் எழுதப்பட்ட 27 பெயர்கள். "இவர்கள் எல்லோரும் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். உழைக்கும் வயதை ஏறத்தாழ முடித்துவிட்டவர்கள். பெற்ற பட்டம் இவர்களை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்று கண்டறிந்து வாருங்கள்" என்றார். மூன்று மாதத்தில் முடிந்துவிடும் வேலை என்றே நாம் எண்ணினோம். பட்டியலின் பத்தொன்பதாம் பெயரைக் கண்டபோது நான் எதுவும் பேசவில்லை. அது என் தாயாரின் தமையனின் பெயர்.

பட்டதாரிகளைப் பின்தொடர்ந்து அவர்தம் நிலையை அறியும் முயற்சி எமக்குப் புதியதன்று. பட்டமளிப்பு விழாவை ஒட்டி வினாக்கொத்தொன்றை நிரப்பிக் கொடுக்கும் வழக்கம் இன்று எமது பல்கலைக்கழகங்களில் உண்டு. தொழில் கிடைத்துவிட்டதா, எத்தனை மாதத்திற் கிடைத்தது, சம்பளம் எவ்வளவு, அத்தொழில் பட்டத்துக்குப் பொருத்தமானதா என்பனவே அதன் பிரதான வினாக்கள். ஊரிலிருந்து வான் பிடித்து வந்த பெற்றோர் வெளியே காத்து நிற்க, இரவல் மேலங்கியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்ற அவசரத்தில் நிரப்பப்படும் தாள் அது. அத்தாள்களிலிருந்து நூற்று வீதங்கள் பிறக்கின்றன. அந்நூற்று வீதங்களைக் கொண்டு எந்தப் பீடம் பயனுடையது, எது பயனற்றது என்ற விவாதமும் பிறக்கின்றது. கலைப்பீடத்தவராகிய நாம் அவ்விவாதத்தில் எப்பொழுதும் எதிரிக் கூண்டிலேயே நிற்கின்றோம்.

இவ்வினா ஏன் எமது நாட்டில் 'வேலை கிடைத்ததா?' என்ற ஒரே கேள்வியாகச் சுருங்கிற்று என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் 904 மாணவர்களுடன் ஆரம்பமாயிற்று. அன்று பட்டதாரி என்பவன் விரல்விட்டு எண்ணத்தக்கவன். அரச சேவையின் கதவு அவனுக்குத் திறந்தே இருந்தது. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1960 இலிருந்து கலைப்பீடத்திற் சிங்களத்திலும் தமிழிலும் கற்கும் மாணவர் நுழைந்தனர். கிராமத்தின் பிள்ளைகள் பெருந்தொகையாகப் பட்டம் பெற்றார்கள். அவர்களுக்கான பதவிகள் அவ்வேகத்திற் பெருகவில்லை. 1971 ஏப்ரிலில் தெற்கிலே இளைஞர் கிளர்ச்சி வெடித்தது. அதே ஆண்டில் டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் நிறுவனக் குழுவின் அறிக்கை, தொழில்வாய்ப்புக்கும் படித்த இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் இடையிலுள்ள பொருத்தமின்மையைத் தன் தலைப்பிலேயே பேசிற்று. அன்று முதல் 'பட்டதாரி' என்ற சொல்லுக்கு முன்னால் 'வேலையற்ற' என்ற அடைமொழி வந்து ஒட்டிக்கொண்டது, இன்னும் உதிரவில்லை. 2017 இல் வடக்கிலும் கிழக்கிலும் பட்டதாரிகள் மாதக்கணக்காக வீதியோரத்திற் கொட்டகை அமைத்து அமர்ந்திருந்ததைப் பாடசாலைச் சீருடையில் நான் கடந்து சென்றிருக்கிறேன். 2020 இல் 50,000 பட்டதாரிகளைப் பயிலுநராகச் சேர்த்துக்கொள்ளும் திட்டத்தை அரசாங்கம் அறிவித்தபோது என் ஊரில் வெடி கொளுத்தினார்கள்.

ஆயின், ஒரு பட்டதாரியின் வாழ்வை முழுமையாகப் பின்தொடர்வது என்றால் என்ன? விரிவுரையாளர் எமக்கு வாசிக்கத் தந்தவற்றுள் என்னைப் பெரிதும் ஈர்த்தது அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் 1938 இல் ஆரம்பித்த ஆய்வாகும். ஆர்லன் பொக் என்ற மருத்துவரின் முயற்சியால், கடைத்தொகுதிகளின் அதிபரான கிறான்ற் என்பவரின் நிதியுதவியுடன் அது தொடங்கிற்று. 1939 முதல் 1944 வரை பட்டம் பெறவிருந்த வகுப்புகளிலிருந்து 268 இளைஞர் தெரிவு செய்யப்பட்டனர். அனைவரும் வெள்ளையர்; அனைவரும் ஆண்கள். உடலும் உள்ளமும் உறுதியானவர்கள் எனக் கருதப்பட்டவர்களையே தேர்ந்தனர். பின்னாளிற் குடியரசுத் தலைவரான ஜோன் கெனடியும் அவர்களுள் ஒருவர். அவருடைய கோவை 2040 வரை திறக்கப்படாது. தொடக்கத்தில் ஆய்வாளர் இவ்விளைஞரின் உடற்கட்டை அங்குலம் அங்குலமாக அளந்தனர். எவ்வகை உடலமைப்பு உடையவன் வாழ்க்கையில் வெல்வான் என்று அறியலாம் என அவர்கள் நம்பினர். அவ்வளவைகளுள் மிகப் பல பின்னர் எவருக்கும் பயன்படவில்லை. நிதி வற்றியபோது புகையிலைக் கம்பனியொன்றின் பணத்தையும் பெற்றார்கள். அந்நாளைய வினாக்கொத்துகளில் புகைபிடித்தல் பற்றிய வினாக்கள் இடம்பெற்றமை தற்செயல் அன்று. இதை வாசித்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. பெரிய ஆய்வுகளும் இவ்வாறு தடுமாறித்தான் நடந்திருக்கின்றன.

அவ்வாய்வின் பெருமை அதன் தொடக்கத்தில் இல்லை. அது நிறுத்தப்படாமையில் உள்ளது. 1972 இலிருந்து மூன்று தசாப்தங்களுக்கு மேலாக அதனை நடத்திய உளமருத்துவர் ஜோர்ஜ் வைலன்ட், கடிதத்துக்குப் பதில் வராவிடின் மீண்டும் எழுதுவித்தார். முகத்துக்கு முகம் உரையாடவும் சென்றார். இதனால் அந்த ஆய்விலிருந்து நழுவியோர் மிகச் சிலரே. அந்த முதியவர்களின் வாழ்நாட் பதிவுகளிலிருந்து இன்றைய இயக்குநர் றொபேட் வோல்டிங்கர் குழுவினர் வெளியிடும் முடிவு, ஐம்பது வயதில் நெருங்கிய உறவுகளில் நிறைவு கண்டவரே எண்பதிலும் நலமாக இருந்தனர் என்பது. பத்திரிகைகள் இதனையே திரும்பத் திரும்ப எழுதுகின்றன. என் மனத்திற் பதிந்ததோ வேறொரு சிறு விவரம். இரண்டாம் உலகப் போரிற் பங்குபற்றிய அம்மனிதரிடம் 1946 இற் கேட்டபோது, எதிரியின் சூட்டுக்கு இலக்கானதாக நூற்றுக்கு 34 பேரும், எதிரி ஒருவனையேனும் கொன்றதாக நூற்றுக்கு 25 பேரும் கூறினர். 1988 இல் அவர்களிடமே மீண்டும் கேட்டபோது முதலாவது தொகை 40 ஆக உயர்ந்தது. இரண்டாவது 14 அளவுக்கு வீழ்ந்தது. பொய் சொன்னார்கள் என்று நான் கருதவில்லை. ஆயினும் ஒருமுறை மாத்திரம் கேட்டு ஒரு வாழ்வை எழுதிவிடலாம் என்று நம்புவோர் இவ்விரு வரிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும்.

இனி எங்கள் பட்டியலுக்கு வருகிறேன்.

முதல் இரு மாதத்தில் 27 பேருள் 11 பேரிடமிருந்து நிரப்பிய வினாக்கொத்துகள் வந்தன. வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்வி நிருவாக சேவையில் இருந்தவர், இறைவரித் திணைக்களத்தவர், இலண்டனிற் கணக்காளர், ரொறன்ரோவிற் சொந்த நிறுவனம் நடத்துபவர் என்று எல்லோரும் நல்ல நிலையில் இருந்தனர். ஒருவரைத் தவிர ஏனைய பதின்மரும் தமது தொழில் பட்டத்துக்குப் பொருத்தமானதே என எழுதியிருந்தார்கள். நான் உற்சாகமாக அட்டவணை வரைந்தேன். பொருத்தமான தொழில் பெற்றோர் நூற்றுக்கு 91! கலைப்பட்டத்தைப் பழிப்போரின் முகத்தில் எறிவதற்கு இதனிலும் சிறந்த கல் கிடையாது என்று எண்ணினேன்.

விரிவுரையாளர் அட்டவணையை நெடுநேரம் பார்த்தார். "மீதிப் பதினாறு பேரும் எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

பதில் வரவில்லை, சேர் என்றேன். "அதைத்தான் கேட்கிறேன். ஏன் வரவில்லை?"

புள்ளிவிபரவியலிற் பதிலளியாமையால் ஏற்படும் கோடல் என்ற பாடத்தில் நான் நல்ல புள்ளி பெற்றவள். பரீட்சையில் எழுதியதை என் அட்டவணையிற் காண எனக்குக் கண் இருக்கவில்லை. தபால் சேரும் முகவரி உள்ளவர், கணினி அஞ்சல் பார்ப்பவர், தம் வாழ்வைப் பிறரிடம் சொல்லக் கூச்சப்படாதவர் ஆகியோரே எமக்கு விடையளித்தனர். அவர்கள் நல்லாயிருப்பதில் வியப்பென்ன? உண்மையை ஒளிக்காமற் கூறினால், பத்தொன்பதாம் பெயரிடமிருந்து பதில் வராததில் எனக்கு உள்ளூர நிம்மதியும் இருந்தது. வந்திருந்தால் என் 91 குறைந்திருக்கும்.

தேடல் அதன் பின்னரே தொடங்கிற்று. ரொறன்ரோக்காரர் தம் வட்ஸ்அப் குழுவிற் கேட்டார். ஒருவர் மற்றொருவரைக் காட்டினார். மேலும் ஐவர் அகப்பட்டனர். நால்வர் இறந்துவிட்டமை உறவினர் வாயிலாகத் தெரியவந்தது. பிந்தி அகப்பட்ட ஐவருள் மூவர் பெண்கள். ஒருவர் 1983 இன் பின்னர் கொழும்பு வீட்டை இழந்து, கணவருடன் நாலு ஊர் மாறி, மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். "நான் வேலை செய்யவில்லை அம்மா, என்னை எழுதி உங்கள் கணக்கைக் கெடுக்காதீர்கள்" என்று தொலைபேசியிற் கூறினார். மூன்று பிள்ளைகளுக்கும் உயர்தரம் வரை பொருளியல், கணக்கீடு இரண்டையும் தாமே கற்பித்தது அரை மணி நேரப் பேச்சின் முடிவில் தற்செயலாக வெளிவந்தது. எமது வினாக்கொத்தில் அதற்கு இடமில்லை. கலிபோர்ணியாவிலுள்ள மில்ஸ் மகளிர் கல்லூரியில் 1958, 1960 ஆம் ஆண்டுகளில் வெளியேறிய ஏறத்தாழ 140 பெண்களை றவென்னா ஹெல்சன் என்ற உளவியலாளர் பின்தொடர்ந்தமை பற்றி அதன் பின்னரே நான் தேடி வாசித்தேன். இருபத்தொரு வயதிற் கேட்டார்; இருபத்தேழிற் கேட்டார்; பின்பு நாற்பத்து மூன்றிலும் ஐம்பத்திரண்டிலும் கேட்டார். அதன் பின்னரும் விடவில்லை. இருபத்தேழோடு நிறுத்தியிருந்தால், கைக்குழந்தையுடன் வீட்டிலிருந்த பெண்கள் பலரின் கதை அவ்விடத்திலேயே முடிந்ததாக அல்லவா பதிவாகியிருக்கும்? எமது பட்டமளிப்பு நாள் வினாக்கொத்தும் அந்த வயதினரிடமே கேட்கப்படுகின்றது.

பத்தொன்பதாம் பெயரைப் பற்றிச் சொல்லாமல் இதுவரை வந்துவிட்டேன்.

மாமாவின் பட்டமளிப்புப் புகைப்படம் அம்மம்மாவின் வீட்டுச் சுவரில் தொங்கியது. அவ்வீடும் படமும் இன்றில்லை. ஆயினும், படித்தும் பயன்படாத ஒருவருக்கு உதாரணமாக எங்கள் குடும்பத்தில் மாமா நிலைத்துவிட்டார். வன்னியிலே ஒரு கிராமத்துப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்து முகாமையாளராகி, அங்கேயே இருந்துவிட்டவர். வெளிநாடு போகவில்லை, கொழும்புக்கு வரவில்லை, ஆசிரிய நியமனம் வந்தபோதும் ஏற்கவில்லை. "பல்கலைக்கழகம் போய் மா நிறுத்தவன்" என்று அம்மம்மா சலித்துக்கொள்வார். நான் கலைப்பீடத்துக்குத் தெரிவானபோது அம்மாவின் முகத்தில் மகிழ்ச்சியோடு ஓடிய நிழல் எதுவென்று எனக்குத் தெரியும்.

விடுமுறையில் நான் அவரிடம் நேரிற் சென்றேன்.

"வா பிள்ளை. உன்ரை சேர் அனுப்பின கடிதம் கிடைச்சது. மூண்டு மாசமா மேசை லாச்சிக்கைதான் கிடக்கு" என்றார். ஏன் மாமா நிரப்பவில்லை என்று கேட்டேன். வினாக்கொத்தை எடுத்து விரித்து ஆறாம் வினாவிற் சுட்டுவிரலை வைத்தார். தொழில் பட்டத்துக்குப் பொருத்தமானதா? ஆம், இல்லை. "இல்லையெண்டு போட்டால் பொய். ஆமெண்டு போட்டால் உன்ரை சேர் சிரிப்பார்."

பிறகு அவர் சொன்னதை அவர் மொழியில் முழுவதும் எழுத இங்கு இடமில்லை. 1990 இலிருந்து வடக்குக்குப் பல பொருட்கள் தடை செய்யப்பட்டிருந்தன. 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் ஒரே இரவிற் பெயர்ந்தபோது, அதன் ஒரு பகுதி சில மாதங்களில் வன்னிக்கு வந்து சேர்ந்தது. சங்கத்தில் அதுவரை சில நூறு குடும்ப அட்டைகள். திடீரென ஆயிரக்கணக்கில் அட்டைகள். லொறி எப்போது வரும், எத்தனை மூடை வரும் என்பது எவருக்கும் தெரியாது. வந்ததை முதலில் வந்தவருக்குக் கொடுப்பதா, எல்லோருக்கும் குறைத்துக் கொடுப்பதா? குழந்தை உள்ள குடும்பத்தின் பால்மாவைத் தனியாக ஒதுக்கினால் ஏனையோர் பொறுப்பார்களா? மண்ணெண்ணெயை அளக்கும் குவளையை இரு பகுதியினரும் பார்க்கும்படி மேசைமேல் வைக்க வேண்டும். இல்லையேற் சந்தேகம் பிறக்கும். அடுத்த லொறி வராது என்ற வதந்தி பரவினால், மூடை இருந்தும் வரிசை குலைந்துவிடும். ஆகவே கையிருப்பை ஒவ்வொரு காலையும் கரும்பலகையில் எழுதிவைத்தார். இவற்றையெல்லாம் கொப்பிகளில் நாள்தோறும் குறித்தும் வைத்திருந்தார். அக்கொப்பிகளும் பட்டச் சான்றிதழும் ஒரே பொலித்தீன் பையில் இருந்து 2009 இல் ஒன்றாகப் போயின.

"கிடைப்பருமையைப் பங்கிடுறதுதான் பொருளியலெண்டு முதலாம் வருசம் படிப்பிச்சவை. நான் படிச்சதைத்தான் செய்தனான் பிள்ளை. ஆனால் நான் அதை ஒரு நாளும் வீட்டிலை சொல்லேல்லை. மா நிறுத்தவன் எண்டுதான் இருக்கட்டும்."

அதன்பின் நான் கொண்டுசென்ற பட்டியலைக் கேட்டார். கண்ணாடியை எடுத்து அணிந்து, வகுப்பில் வரவு எடுப்பவர் போல ஒவ்வொரு பெயராக வாசித்தார். எமக்கு எத்தகவலும் கிடைக்காத ஆறு பெயர்கள் அதில் இருந்தன. அவற்றின் எதிரே 'தகவல் இல்லை' என்பதைக் குறிக்கும் 9 என்ற இலக்கத்தை இட்டிருந்தேன். நாலாம் பெயரில் நின்றார். "இவன் முழங்காவிலிலை தோட்டம் செய்யிறான். போன் வைச்சிருக்கிறேல்லை, அதுதான் உங்களுக்குப் பிடிபடேல்லை." பதினோராம் பெயரில் நின்றார். 1996 இல் மலேரியாவில் இறந்தவர். சங்கத்தின் பின்புறக் கொட்டிலில்தான் கிடந்தாராம். இருபத்திரண்டாம் பெயரில் அதிக நேரம் நின்றார். 2009 ஏப்ரிலிற் கடற்கரையோரத்திற் கண்டதுதான் கடைசி. அவருடைய மனைவி இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். ஒவ்வொரு ஆண்டும் விண்ணப்பங்களோடு எங்கெங்கோ போய் வருகிறார்.

"இதுக்கு என்ன நம்பர் போடுவாய்?"

இறந்தோருக்கு எமது குறியீடு 5. அதைச் சொன்னேன்.

"அவவிட்டைப் போய் அஞ்செண்டு சொல்லுவியோ?"

நான் பதில் சொல்லவில்லை. 9 என்று விட்டாலும் சரியல்ல. தகவல் இல்லாதவர் அல்லர் அவர். திரும்பி வந்து விரிவுரையாளரிடம் இதனைக் கூறியபோது, அவர் குறியீட்டுத் தாளை எடுத்து, 5க்கும் 9க்கும் இடையில் 7 என எழுதி, அதன் எதிரே எதனையும் எழுதாமல் விட்டார். 27 பேருக்கு ஒருவருக்காக மட்டும் ஒரு குறியீடா என்று எங்கள் குழுவில் ஒருவன் கேட்டான். முறையியலின்படி அவன் கேள்வி நியாயமானதே. ஆயினும் 7 அப்படியே இருக்கின்றது. மாமாவின் ஆறாம் வினாவுக்கு 'ஆம்' என்று நானே பதிந்தேன், விரிவுரையாளர் சிரிக்கவில்லை.

அன்று மாலை நான் புறப்படுமுன், ரொறன்ரோவில் இருப்பவரின் தொலைபேசி இலக்கம் என்னிடம் உண்டா என்று மாமா கேட்டார். இருவரும் விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்களாம். நாற்பது ஆண்டாகப் பேசவில்லை. நான் இலக்கத்தைச் சொல்ல, எழுதுவதற்கு அருகில் வேறு தாள் இல்லாமையால் அந்த வினாக்கொத்தின் பின்புறத்தில் அதனைப் பெரிய எழுத்தில் எழுதி, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதனால் அவ்வினாக்கொத்து எமக்கு இன்னும் திரும்பி வரவில்லை.